உள்ளங்கையில் ஒரு சொட்டு: அகச்சிவப்பு நிறமாலை எப்படி இயங்குகிறது?

குழம்பை இறக்கும் நேரம். கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்துப் பார்க்கிறார் அம்மா. "உப்பு ஒரு கல் கம்மி. புளி பழசு." அண்டா நிறையக் குழம்பு இருந்தாலும் தீர்ப்புக்கு ஒரு சொட்டு போதும்.

வேதியியல் ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்யும் பெட்டி ஒன்று உண்டு. அகச்சிவப்பு நிறமாலைமானி என்பது அதன் முழுப்பெயர். ஆய்வக வழக்கில் வெறும் ஐஆர். "ஐஆர் எடுத்தாச்சா?" என்பது வேதியியல் மாணவர்கள் காபி குடித்தாச்சா என்பதுபோலக் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

மேசைமேல் லேபிள் கிழிந்த இரண்டு குப்பிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் சுத்திகரித்த தேங்காய் எண்ணெய், மற்றதில் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். சித்திரை வெயிலில் தேங்காய் எண்ணெய் உறையாது. நிறமும் மணமும் சுத்திகரிப்பிலேயே போய்விட்டன. எது எது? பெட்டி சொல்லும். ஆனால் நாம் ஒழுங்காகப் பரிமாறினால்தான் சொல்லும். பெட்டிக்குள் நடப்பது இயற்பியல். பெட்டியில் வைப்பதற்கு முன்னால் நடப்பது சமையல். ஒரு ஐஆர் கெட்டுப்போனால் குற்றம் பெரும்பாலும் சமையலில்தான் இருக்கும்.

அடுப்பு: கண்ணுக்குத் தெரியாத ஒளி

தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது அடுப்பின் பக்கவாட்டில் நின்றாலும் கன்னத்தில் உறைக்கும். கல் சிவக்கவில்லை, வெளிச்சமும் இல்லை. ஆனாலும் அதிலிருந்து ஏதோ கிளம்பி வந்து தோலைச் சுடுகிறது. அதுதான் அகச்சிவப்பு ஒளி. 1800-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, நிறமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் எல்லாவற்றையும்விட அதிகம் ஏறியது.

நம் பெட்டிக்குள்ளும் ஓர் அடுப்பு இருக்கிறது. சிலிக்கன் கார்பைடால் ஆன சிறு தண்டு அது. மின்சாரம் பாய்ந்து ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் கனன்றுகொண்டே இருக்கும். வரும் ஒளியெல்லாம் அதிலிருந்துதான்.

அலைஎண்: வெண்டைக்காய் நறுக்குகிற கணக்கு

இந்த ஒளியை அளக்க ஐஆர் ஆட்கள் பயன்படுத்துவது அலைஎண். ஒரு செ.மீ. நீளத்தில் எத்தனை அலைகள் அடங்குகின்றன என்ற எண்ணிக்கை அது. வெண்டைக்காயை மெலிதாக நறுக்கினால் துண்டுகள் அதிகம், தடியாக நறுக்கினால் குறைவு. அலைநீளம் துண்டின் தடிமன் என்றால், அலைஎண் துண்டுகளின் எண்ணிக்கை. ஒரு செ.மீ.யில் 4000 அலைகள் என்றால் ஒவ்வொன்றும் 2.5 மைக்ரான் நீளம். 400 என்றால் 25 மைக்ரான். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது நடு அகச்சிவப்பு. மூலக்கூறுகளை அடையாளம் காணும் வேலை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. 4000-க்கு மேல் அண்மை அகச்சிவப்பு, 400-க்குக் கீழ் சேய்மை அகச்சிவப்பு.

வரைபடத்தில் 4000 இடக்கோடியிலும் 400 வலக்கோடியிலும் நிற்கும். எண்கள் இடமிருந்து வலம் குறைந்துகொண்டே போவது முதலில் குழப்பும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மூலக்கூறு: ஜலதரங்கக் கிண்ணங்கள்

ஜலதரங்கத்தில் எல்லாம் பீங்கான் கிண்ணங்கள்தான். தண்ணீர் அதிகம் உள்ள கிண்ணம் கனத்து, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். குறைவாக உள்ளது மேலே பேசும். மூலக்கூறில் அணுக்களைக் கட்டியிருக்கும் பிணைப்புகளும் அப்படித்தான். பிணைப்பு ஒரு சுருள்வில், அணுக்கள் அதன் இரு முனைக் குண்டுகள். குண்டு கனத்தால் சுருதி இறங்கும். வில் விறைத்தால் ஏறும்.

கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு 2900-ஐ ஒட்டி அதிர்கிறது. ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அதைவிட இரு மடங்கு கனமான டியூட்டீரியத்தை வைத்தால் அதே பிணைப்பு 2150-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இரண்டு கார்பன்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்பு என்றால் 1000-ஐ ஒட்டி. இரட்டை என்றால் 1650. மும்மை என்றால் 2150. வில் விறைக்க விறைக்க எண் ஏறுகிறது.

அதிர்வில் இரண்டு வகை. பரோட்டா மாவை இழுப்பதுபோல நீண்டு சுருங்குவது நீட்சி அதிர்வு. இடுக்கியின் இரு கைகளும் விரிந்து குவிவதுபோல் கோணம் மாறுவது வளைவு அதிர்வு. வளைப்பது இழுப்பதைவிட எளிது என்பதால் வளைவு அதிர்வுகள் தாழ்ந்த எண்களில் வரும். தண்ணீரின் நீட்சி 3400-ஐ ஒட்டி அகலமாகப் படுத்திருக்கும்; வளைவு 1640-இல் நிற்கும்.

வரும் ஒளியின் சுருதியும் பிணைப்பின் சுருதியும் ஒன்றானால் அந்த ஒளியைப் பிணைப்பு விழுங்கிவிடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்க இடுக்கிக்கு ஒரு விளிம்பு வேண்டும். ஒளிக்கும் பிடிக்க விளிம்பு வேண்டும். அதிரும்போது மூலக்கூறின் நேர்மின், எதிர்மின் பக்கங்களின் ஏற்றத்தாழ்வு மாறவேண்டும். இருமுனைத் திருப்புத்திறன் மாறவேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இரு பக்கமும் ஒன்றேயான உருண்டைகள், இடுக்கிக்குச் சிக்காது. அதனால்தான் காற்றின் பெரும்பகுதி ஐஆருக்குத் தெரிவதே இல்லை. கார்பன் டைஆக்ஸைடும் நீராவியும் மாட்டிக்கொள்ளும். உருண்டைகளையும் பிடிக்கும் இடுக்கி ஒன்று உண்டு: 1928-இல் சி.வி. ராமன் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு செய்யப்படும் ராமன் நிறமாலை. இரண்டும் ஓரகத்திகள் மாதிரி; ஒருத்திக்குத் தெரியாதது மற்றவளுக்குத் தெரியும்.

வடிகட்டியும் வரைபடமும்

வரைபடத்தின் செங்குத்து அச்சில் இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கும். டிரான்ஸ்மிட்டன்ஸ் என்றால் நூறு பங்கு ஒளி போட்டதில் எத்தனை பங்கு மறுபக்கம் வந்தது என்ற கணக்கு. இதில் பள்ளங்கள் கீழ்நோக்கி விழும். அப்சார்பன்ஸ் என்றால் எவ்வளவு விழுங்கப்பட்டது என்பது. இதில் சிகரங்கள் மேல்நோக்கி எழும்.

அப்சார்பன்ஸுக்கு ஒரு வடிகட்டிக் கணக்கு இருக்கிறது. பத்தில் ஒரு பங்கை மட்டும் கீழே விடும் வடிகட்டி ஒன்று. அதன்மேல் அதே போன்ற இன்னொன்றை அடுக்கினால் நூறில் ஒரு பங்குதான் வரும். மூன்று அடுக்கினால் ஆயிரத்தில் ஒன்று. வடிகட்டிகளின் எண்ணிக்கைதான் அப்சார்பன்ஸ்: 1, 2, 3. டிகாஷன் இரு மடங்கு கெட்டியானாலும், டம்ளர் இரு மடங்கு ஆழமானாலும் இந்த எண் இரு மடங்காகும். பீர்–லாம்பர்ட் விதி என்பது இவ்வளவுதான். எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அப்சார்பன்ஸையே எடுக்கவேண்டும். டிரான்ஸ்மிட்டன்ஸ் அப்படி நேராக ஏறி இறங்காது.

வரைபடத்தின் இடப்பாதி, 4000 முதல் 1500 வரை, சாமான்களின் பட்டியல்: கடுகு இருக்கிறது, பருப்பு இருக்கிறது என்பது மாதிரி. எஸ்டர் என்றால் 1740-ஐ ஒட்டி ஊசி, ஆல்கஹால் என்றால் 3300-ஐ ஒட்டி அகலத் தொட்டி, நைட்ரைல் என்றால் 2250-க்குப் பக்கத்தில் குட்டி முள். 1500-க்குக் கீழே உள்ள வலப்பாதி கைப்பக்குவம். அதற்கு விரல்ரேகைப் பகுதி என்று பெயர். இங்கே மூலக்கூறு முழுவதும் சேர்ந்து ஆடும். தனித்தனியாகப் பிரிப்பது கடினம். ஆனால் இரண்டு வேறு பொருள்களுக்கு இந்தப் பகுதி அச்சு அசலாக ஒத்துப்போவது மிக அரிது.

மூக்கு செய்யும் வேலை: எஃப்டிஐஆர்

பழைய கருவிகள் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, அலைஅலையாக அளந்தன. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்க்கிற வேலை அது. 1905-இல் அமெரிக்காவின் வில்லியம் கோப்ளென்ட்ஸ் அப்படிப் புள்ளி புள்ளியாக அளந்து பல சேர்மங்களின் நிறமாலைகளை வெளியிட்டார். அவருடைய முப்பட்டகம் உப்புக்கல்லில் வெட்டியது. இந்த ஒளியின் பெரும்பகுதிக்குக் கண்ணாடி ஒரு சுவர், உப்புதான் ஜன்னல்.

எஃப்டிஐஆர், அதாவது ஃபூரியர் உருமாற்ற ஐஆர் எனப்படும் இன்றைய கருவி வேறு மாதிரி. தாளிக்கும்போது கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. மூக்கு அவற்றைப் பிரித்துவிடுகிறது. எஃப்டிஐஆரும் எல்லா அலைகளையும் ஒன்றாக அனுப்பி, பிறகு கணக்கால் பிரிக்கிறது. உள்ளே ஒரு தகடு ஒளியை இரு கிளையாகப் பிரிக்கும். ஒரு கிளை அசையாத ஆடிக்கும், மற்றது முன்னும் பின்னும் நகரும் ஆடிக்கும் போய்த் திரும்பி மறுபடி சேரும். அண்டாத் தண்ணீரில் இரண்டு இடத்தில் விரல் தட்டினால் அலைகள் சில இடத்தில் கூடும், சில இடத்தில் அழியும். இங்கேயும் அதே கூட்டல், அதே அழிவு. ஆடி நகர நகர வரும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கணினி ஃபூரியர் உருமாற்றத்தால் நிறமாலையாக மாற்றுகிறது. ஆடி எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு ஹீலியம்–நியான் லேசர் அளந்துகொண்டே இருக்கும்.

பொத்தானைத் தட்டும்முன் இரண்டு எண்கள் கொடுக்கவேண்டும். ஒன்று பகுதிறன், அதாவது சல்லடைக் கண். 4 என்று வைத்தால் திண்மத்துக்கும் திரவத்துக்கும் போதும். வாயுக்களின் மெல்லிய கோடுகளைப் பிரிக்க 1 அல்லது அதற்கும் கீழே போகவேண்டும். மற்றது எத்தனை முறை அளப்பது என்பது. ஒரே நாக்கை நம்பாமல் நாலு பேர் ருசி பார்ப்பதுபோல. 16 முறை அளந்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும்.

அதற்கும் முன்னால் பேக்ரவுண்ட். வாளியோடு பால் நிறுத்தால் வாளியின் எடையைக் கழிக்கிறோம் அல்லவா? மாதிரி வைக்காமல் ஒருமுறை அளந்து, அடுப்பு, ஆடி, காற்று ஆகியவற்றின் பங்கைக் கழித்துவிடவேண்டும்.

பக்குவம் 1: இரண்டு தகட்டுக்கு நடுவே

எண்ணெய் போன்ற திரவத்துக்கு எளிய வழி: உப்புத் தகட்டில் ஒரு சொட்டு, மேலே இன்னொரு தகடு, ஒரு அழுத்து. ஈர டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிக்கொள்வதுபோல ஒரு மெல்லிய படலம் நடுவே தங்கும். சோடியம் குளோரைடுத் தகடு 650 வரையும், பொட்டாசியம் புரோமைடு 400 வரையும் ஒளியை விடும். இந்த ஜன்னலைத் தண்ணீரால் கழுவினால் ஜன்னலே கரைந்துபோகும். ஈரமில்லாத கரைப்பானால்தான் துடைக்கவேண்டும். தண்ணீர் கலந்த மாதிரிக்குக் கால்சியம் ஃப்ளோரைடு அல்லது துத்தநாக செலினைடு.

பக்குவம் 2: இட்லிப் பொடியும் எண்ணெயும்

பொடியை அப்படியே வைத்தால் ஒளி சிதறும். இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைப்பதுபோல, நைசாக அரைத்த பொடியைத் திரவப் பாரஃபினில் குழைத்துத் தகட்டில் தடவுவது முல். நூஜால் முல் என்பார்கள். ஆனால் எண்ணெய் ருசியும் சேர்ந்தே வரும். 2900-ஐ ஒட்டியும் 1460, 1375 இடங்களிலும் தெரியும் சிகரங்கள் பாரஃபினுடையவை. அந்த இடங்களில் மாதிரியைத் தேடக்கூடாது.

பக்குவம் 3: உப்புத் தட்டை

கேபிஆர் பெல்லட்தான் பழைய கைகளின் பெருமை. பொட்டாசியம் புரோமைடை 110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, ஈரம் புகாத ஜாடியில் ஆறவிடவேண்டும். அதில் சுமார் 200 மில்லிகிராம், மாதிரி 1 அல்லது 2 மில்லிகிராம். குழம்புக்குப் பெருங்காயம் போடுகிற விகிதம்தான். அகேட் கல்வத்தில் முதலில் மாதிரியைத் தனியாக அரைக்கவேண்டும். விரலில் தேய்த்தால் நெருநெரு என்றால் இன்னும் அரை. துகள் 2 மைக்ரானுக்குக் கீழே போகவேண்டும். அலைநீளத்தைவிடப் பெரிய துகள் ஒளியை எற்றிவிடும். பிறகு உப்பைச் சேர்த்துக் கலந்து, 13 மி.மீ. அச்சில் பரப்பி, காற்றை உறிஞ்சிக்கொண்டே 8 முதல் 10 டன் வரை அழுத்தி, ஓரிரு நிமிடம் நிறுத்துவது.

கல்லுப்பு கண்ணாடிபோல் இருக்கிறது; அதையே பொடித்தால் வெள்ளை. துகளுக்குத் துகள் நடுவே இருக்கும் காற்றில் ஒளி சிதறுவதால் வரும் வெண்மை அது. அழுத்தத்தில் உப்பு இளகி அந்த இடுக்குகளை அடைத்துவிட, பொடி மறுபடி கண்ணாடியாகிறது. அச்சிலிருந்து சட்டை பொத்தான் அளவுக்கு ஒரு தெளிந்த வட்டு வெளியே வரும்போது இன்றும் மனசு துள்ளும்.

துள்ளாத நாள்களும் உண்டு. ஓர் ஐப்பசி அடைமழையில் சர்க்கரை மாதிரி ஒன்றுக்குப் பெல்லட் போட்டேன். ஜாடியை மூடாமல் நண்பரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டேன். வட்டு நமத்துப்போன அப்பளம் மாதிரி மங்கலாக வந்தது. 3400-இல் பெரிய தொட்டி. சர்க்கரையின் ஆல்கஹால் தொகுதி என்று மகிழ்ந்து குறித்தும் வைத்தேன். 1640-இல் ஒரு சிகரம் நிற்பதைப் பிறகுதான் பார்த்தேன். சர்க்கரைக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. நான் அளந்ததில் பாதி மழை. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாதே என்று வீட்டில் ஆயிரம் முறை கேட்டவன் ஆய்வகத்தில் அதையே செய்திருந்தேன்.

பெல்லட்டில் இன்னும் இரண்டு கண்ணிகள். அதிகம் அரைத்து அழுத்தினால் சில மருந்துகளின் படிக வடிவமே மாறிவிடும். ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருக்கும் மருந்தைப் பொட்டாசியம் புரோமைடில் அரைத்தால் குளோரைடும் புரோமைடும் இடம் மாறிக்கொள்ளலாம். அதற்குப் பொட்டாசியம் குளோரைடே பாதுகாப்பு.

பக்குவம் 4: ஆவியும் பொடியும்

வாயு என்றால் 10 செ.மீ. நீளக் குழாயில் அடைத்து அளப்பது வழக்கம். வாயு நீர்த்த டிகாஷன். நிறம் தெரிய டம்ளர் ஆழமாக வேண்டும். சுவடு அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் ஆடிகளுக்கு இடையே ஒளியைப் பலமுறை மடக்கிப் பல மீட்டர் நடக்கவைப்பார்கள். பொடியை அழுத்தாமல் அப்படியே அளக்கப் பரவல் பிரதிபலிப்பு முறை உண்டு. சிறு கிண்ணத்தில் மாதிரியை உப்புப் பொடியோடு கலந்து வைத்தால், ஒளி துகள்களுக்குள் புகுந்து முட்டிமோதி வெளியே வரும். அதைப் பிடித்து, 1931-இல் குபெல்காவும் முங்கும் எழுதிய சமன்பாட்டால் சரிசெய்வது.

பக்குவம் 5: உள்ளங்கைச் சொட்டு

இப்போது ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கையில் பிடியுங்கள். மேலிருந்து தண்ணீர் வழியாக டம்ளரின் உட்சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியதுபோல் மின்னும்; வெளியே இருக்கும் விரல் தெரியாது. விரலை ஈரமாக்கி அழுத்துங்கள். ரேகை மேடுகள் மட்டும் பளிச்சென்று தெரியும், பள்ளங்கள் தெரியா. ஒளி சுவரில் முழுதாகத் திரும்பினாலும், ஒரு நூலிழைக்கும் மிகக் குறைவான தூரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. அந்த எல்லைக்குள் ஏதாவது ஒட்டியிருந்தால் கண்டுகொள்கிறது.

ஏடிஆர் எனப்படும் நலிவுற்ற முழு அகப் பிரதிபலிப்பு இதுவேதான். டம்ளருக்குப் பதில் வைரமோ, துத்தநாக செலினைடோ, ஜெர்மானியமோ. 1960-ஐ ஒட்டி ஹாரிக்கும் ஃபாரன்ஃபோர்ட்டும் தனித்தனியே கண்ட வழி. படிகத்தின் அடியில் ஒளி வந்து திரும்பும். மேலே வைத்த பொருளுக்குள் ஒன்றிரண்டு மைக்ரான் மட்டும் எட்டிப் பார்க்கும். அரைக்கவேண்டாம், அழுத்தி வட்டாக்கவேண்டாம். ஒரு சொட்டு, ஒரு சிட்டிகை, ஒரு துண்டு பிளாஸ்டிக் போதும். தண்ணீரையும் பயமில்லாமல் வைக்கலாம். எனவே இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் கல்வம் அலமாரியில் தூங்குகிறது.

ஆனாலும் பக்குவம் தேவை. தோசை கல்லில் ஒட்டிய இடம்தான் சிவக்கும். மேலெழும்பிய இடம் வெளிறிப்போகும். திண்மப் பொருளைத் திருகி அழுத்திப் படிகத்தோடு ஒட்டவைக்காவிட்டால் சிகரங்களும் வெளிறும். அலைநீளம் கூடக் கூட ஒளி ஆழமாக எட்டுவதால், வலப்பக்கச் சிகரங்கள் இயல்பைவிட உயரமாக வரும். பெல்லட்டில் எடுத்த பழைய நிறமாலையோடு ஒப்பிடும்போது இதைச் சரிசெய்யவேண்டும். வைரத்துக்கும் சொந்த ருசி உண்டு: 1900 முதல் 2300 வரை அது கொஞ்சம் ஒளியைத் தானே தின்னும்.

2350-ஐ ஒட்டி இரட்டை முள் தெரிந்தால் பயப்படவேண்டாம். பேக்ரவுண்ட் எடுத்தபிறகு கருவியருகே குனிந்து நின்று நீங்கள் விட்ட மூச்சு அது.

இரண்டு குப்பிகள்

முதல் குப்பியிலிருந்து படிகத்தில் ஒரு சொட்டு. 1745-இல் ஓங்கிய சிகரம்: எஸ்டர். 2920, 2850-இல் இரட்டைச் சிகரம்: நீண்ட கொழுப்புச் சங்கிலி. இரண்டாவது குப்பியிலும் இதே இரண்டும் வருகின்றன. எல்லாச் சமையல் எண்ணெய்க்கும் இவை பொதுவானவை. 3008-இல்தான் கண்ணை வைக்கவேண்டும். இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனின் குரல் கேட்கும் இடம் அது. ஒரு குப்பியில் அங்கே தெளிவான சிறு சிகரம்; மற்றதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் நிறைவுறாதவை பத்தில் ஒரு பங்கு அளவுதான். சூரியகாந்தியில் பெரும்பகுதி அவையே. எது எது என்று தெரிந்துவிட்டது.

ஒன்றில் மற்றதைக் கலந்திருந்தால் 3008 அந்த அளவுக்கு ஏறும். தெரிந்த விகிதங்களில் கலந்து அளந்து வைத்திருந்தால் கலப்படத்தின் அளவையே சொல்லலாம். ஆனால் பனங்கொட்டை எண்ணெயைக் கலந்திருந்தால் இவ்வளவு சுலபமில்லை. அதுவும் தேங்காய் எண்ணெயைப் போலவே நிறைவுற்ற சிறு சங்கிலிகள் மிகுந்தது. ஒரு சிகரத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அடுத்த சொட்டுக்கு முன் படிகத்தைத் துடைக்கிறோம். துடைத்தபிறகு ஒன்றும் வைக்காமல் மறுபடி அளந்து பார்க்கிறோம். 1745-இல் ஒரு சிறு மேடு எஞ்சியிருக்கிறது. இன்னொரு முறை துடைத்தால் கோடு தட்டையாகிறது. அம்மாவும் இப்படித்தான்: குழம்பைப் பார்த்துவிட்டு ரசத்துக்குப் போகும்முன் உள்ளங்கையைக் கழுவிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்.